மைண்ட் மேப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றினால் அம்புக்குறிகள் காணாமல் போகின்றன

வணக்கம். என் ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் ஒரே மைண்ட் மேப்பில் (கருத்துகளைக் கிளை கிளையாக விரித்துக் காட்டும் வரைபடம்) இருக்கின்றன. விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம். போன மாத அப்டேட்டுக்குப் பிறகு ஒரு கிளையை விரித்தாலே திரை உறைந்துவிடுகிறது; வேறு மென்பொருளுக்கு மாறியே ஆக வேண்டும்.

ஓபிஎம்எல் கோப்பாக எடுத்தேன். கிளைகள் வந்தன, கிளைக்குக் கிளை நான் இழுத்த அம்புகள் ஒன்றுகூட வரவில்லை. மர அமைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிவம் அது. மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்திலும் இதே கதை. பிடிஎஃப்பில் அம்புகள் இருக்கின்றன, ஆனால் ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று உடைந்து, தேடினால் அகப்படுவதில்லை. ஃப்ரீப்ளேன் என்ற இலவச மைண்ட் மேப் மென்பொருளில் அம்பு போட முடிகிறது, ஆனால் எல்லாவற்றையும் கையால் மறுபடி வரைய வேண்டும். எந்தச் சான்று எந்த வாதத்தைத் தாங்குகிறது என்பதே அந்த அம்புகளில்தான் இருக்கிறது.

கிளை, குறிப்பு, அம்பு மூன்றும் சிதையாமல் வெளியே எடுக்க எந்தக் கருவி உங்களுக்குக் கைகொடுத்தது?