61 சீட்டு, 3 வேட்பாளர்: 1, 2, 3 என்று போட்டால் எப்படி எண்ணுவது?

குளுகோர்வாசி:
பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சென்ற மாதம் நிர்வாகக் குழுத் தலைவர் தேர்தல் நடந்தது. 61 வீடுகள் வாக்களித்தன. ஐந்தாம் மாடிக்காரருக்கு 24, இரண்டாம் மாடி அம்மாவுக்கு 20, பத்தாம் மாடி இளைஞருக்கு 17. ஐந்தாம் மாடிக்காரர் வென்றார். மறுவாரமே லிஃப்ட் பழுதாகிவிட்டது. படியேறும்போதெல்லாம் யாராவது ஒருவர், “நான் அவருக்குப் போடவில்லை” என்கிறார். 37 வீட்டாரும் அதைச் சொல்லலாம்தான்.

அடுத்த முறை பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம் என்று ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். தோற்றவருக்குப் போட்ட சீட்டில் இரண்டாம் விருப்பத்தையும் எண்ணுவார்களாம். அப்படியானால் அவர்களுக்கு இரண்டு வாக்கு, எனக்கு ஒன்றுதானா? செயலாளர் நான். எண்ணப்போகிறவனும் நானே.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:
தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மூன்று பொதுத் தேர்தல்களில் வாக்கு எண்ணியவன். இதை வாயால் விளக்கினால் சண்டைதான் வரும். ஒரு கேரம் பலகையை நடுவில் வைத்து, எல்லார் கண்முன்னும் எண்ணிக் காட்டுங்கள்.

முதலில் ‘1’ யாருக்கு என்று பார்த்து மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஒரு கட்டில் 31 சீட்டு இருந்தால் அத்தோடு முடிந்தது. யாருடைய இரண்டாம் விருப்பத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கில் 31 யாருக்கும் இல்லை. ஆகவே மிகச் சிறிய கட்டான 17ஐக் கையில் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு சீட்டிலும் ‘2’ யாருக்கு இருக்கிறதோ அவருடைய கட்டில் அதை வைக்கிறீர்கள். ஒரு பேச்சுக்கு, 10 சீட்டு அம்மாவுக்கும் 3 ஐந்தாம் மாடிக்கும் போகின்றன, 4 சீட்டில் ‘2’ எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 30, ஐந்தாம் மாடிக்கு 27. அம்மா தலைவர்.

உங்கள் சீட்டு எங்கே? இருந்த கட்டிலேயே இருக்கிறது, இரண்டாம் சுற்றிலும் எண்ணப்படுகிறது. எந்தச் சுற்றிலும் ஒரு சீட்டு ஒரு கட்டில்தான் இருக்க முடியும். வடை தீர்ந்துவிட்டதென்று இட்லி வாங்கியவர் இரண்டு பலகாரம் சாப்பிட்டவர் ஆவாரா?

1990 அயர்லாந்து அதிபர் தேர்தலில் இதுதான் நடந்தது. முதல் சுற்றில் பிரையன் லெனிஹன் 44 விழுக்காடு, மேரி ராபின்சன் 39. மூன்றாமவர் விலக்கப்பட்டதும் அவருடைய சீட்டுகளில் பெரும்பகுதி ராபின்சன் பக்கம் போனது. ஏறக்குறைய 52 விழுக்காட்டுடன் அவர் அதிபரானார்.

செந்தூல்காரி:
ஆசிரியர் ஐயா கணக்கில் ஒன்றை மெல்லத் தாண்டிப் போகிறார். 61இல் 30 பாதிகூட இல்லையே! எழுதாத 4 சீட்டைக் கழித்து 57இல் பாதி என்றுதானே இதை வெற்றி என்கிறீர்கள்?

இலங்கையைப் பாருங்கள். அங்கே அதிபர் தேர்தலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு எழுதலாம். 2024இல்தான் முதல் முறையாக இரண்டாம் சுற்று எண்ண வேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்குப் புதிதாகச் சேர்ந்தது ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்குகள்தாம். முடிவில் அவருக்கு 57 லட்சத்து 40 ஆயிரம். செல்லுபடியான மொத்த வாக்குகளோ 1 கோடியே 33 லட்சம். அது 43 விழுக்காடுதான். ‘1’ மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அத்தனை பேர்.

பெர்த்தில் அண்ணன்:
அதற்காகத்தான் ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் எல்லாக் கட்டத்திலும் எண் போட வேண்டும் என்கிறார்கள். 1918 முதல் அங்கே வரிசை முறைதான். ஒரே எண்ணை இரு முறை எழுதினால் சீட்டு செல்லாமல் போகலாம். என் அண்ணன் கட்சிக்காரர்கள் வாசலில் நீட்டும் மாதிரித் தாளைப் பார்த்து எழுதிவிட்டு வந்துவிடுவார்.

செந்தூல்காரி:
கோலாலம்பூரில் எங்கள் ‘பத்து’ (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியில் 2022இல் 10 வேட்பாளர்கள். ஒரு பெயருக்கு எதிரே குறி போடவே என் அம்மா கண்ணாடியைத் தேடினார். பத்துக்கும் எண் போடுவதென்றால் மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:
அந்தக் குட்டு எனக்குத் தேவைதான். 30 என்பது எண்ணிக்கையில் எஞ்சிய சீட்டுகளில்தான் பாதிக்கு மேல். ஆனால் இப்போது 24ஐ வைத்துக்கொண்டு ஒருவர் தலைவராக இருக்கிறாரே, அதைவிட இது மோசமா? 1969 இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வி.வி. கிரி முதல் விருப்பத்தில் தேவையான அளவை எட்டவில்லை. கடைசி இடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விலக்கி எண்ணிய பிறகே வென்றார்.

தம்பி, கூட்டத்துக்கு முன்பே விதியை எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு பெயருக்கு ‘1’ போட்டால் என்ன செய்வது, கடைசி இடத்தில் இருவர் சமமானால் யாரை விலக்குவது, ‘2’ கட்டாயமா. எண்ணிய பிறகு விதி எழுத உட்கார்ந்தால் உங்களை லிஃப்டிலேயே பூட்டிவிடுவார்கள். இன்னொன்று: “எனக்கு ஒன்றுதானா” என்று கேட்டதிலேயே நீங்கள் எந்த மாடிக்குப் போட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. சீட்டை வேறு யாராவது உரக்கப் படிக்கட்டும்.

குளுகோர்வாசி:
ஐந்தாம் மாடிக்காரர் என் மைத்துனர், ஐயா. படிப்பதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். கேரம் பலகைதான் சிக்கல். எங்கள் கட்டடத்தில் அது இரண்டாம் மாடி அம்மா வீட்டில்தான் இருக்கிறது. லிஃப்ட் சரியானதும் போய்க் கேட்கிறேன்.