அப்பா போன்ல இருந்த 1,800 நம்பரும் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல அழிச்சா போன்லயும் அழியுமா? அவசரம்

மேற்குமாம்பலம்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிங்க ப்ளீஸ்.

எங்கப்பா கல்யாண கேட்டரிங் பண்றார், மேற்கு மாம்பலத்துல சின்ன ஆபீஸ், 22 வருஷமா இதே தொழில். அவர் ஆண்ட்ராய்ட் போன்ல 1,800 நம்பருக்கு மேல இருந்துச்சு. ஆள் பேர வச்சு சேவ் பண்ணவே மாட்டார், வேலைய வச்சுதான். "இலை கோயம்பேடு", "இலை கோயம்பேடு பழையவர்", "பரிசாரகர் 4 பேர் நங்கநல்லூர்", "தவசுப்பிள்ளை ரசம் நல்லா இருக்கும்", இப்படி எல்லாமே தமிழ்ல. அவரோட மொத்த தொழிலும் அந்த லிஸ்ட்டுதான், வேற நோட்டு கீட்டு எதுவும் கிடையாது.

ஆடி மாசம் முகூர்த்தம் இல்ல, கை சும்மா இருக்கேன்னு நான்தான் லிஸ்ட்ட ஒழுங்குபடுத்தறேன்னு உக்காந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கூகுள் காண்டாக்ட்ஸ் திறந்து எல்லாத்தையும் சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) இறக்கி, எக்செல்ல டேட்டா மெனு வழியா எடுத்தேன், தமிழ் எல்லாம் அழகா தெரிஞ்சுது. ஏரியா தனியா வேலை தனியான்னு பிரிச்சு மூணு நாள் வேலை பார்த்து சேவ் பண்ணி திரும்ப இம்போர்ட் பண்ணேன். பார்த்தா பழசு அப்படியே இருக்கு, புதுசு தனியா வந்து நிக்குது, மொத்தம் 3,600. புதுசுல பேர் எல்லாம் வெறும் கேள்விக்குறி, நம்பர் எல்லாம் 9.19ஈ+11 மாதிரி. சரி, ஒரிஜினல் போன்லதானே இருக்கு, இங்க எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிப்போம்னு நினைச்சு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலிட் பண்ணிட்டேன். பத்து நிமிஷம் கூட ஆகல, அப்பா உள்ள வந்து "ஏம்மா, போன்ல ஒருத்தரையுமே காணோமே"ங்கறார். வெறும் அறுபது எழுபது நம்பர்தான் மிச்சம்.

இது நடந்து 17 நாள் ஆச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில காட்டினோம், ரெக்கவரி சாஃப்ட்வேர் போடணும், போனை ரெண்டு நாள் விட்டுட்டு போங்க, 4,500 ரூபா ஆகும், அப்பவும் கேரண்டி இல்லன்னாங்க. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு 600 பேர் சாப்பாடு ஒத்துக்கிட்டிருக்கார், இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அப்பா ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு தாங்கல. ஏதாவது வழி இருக்கா?

பெரம்பூர்_லோகோ:

தங்கச்சி, மொதல்ல போனை எந்தக் கடையிலயும் குடுக்காத, 4,500ம் குடுக்காத. உன் நம்பர் எதுவும் போன்ல தொலையல, கூகுள் அக்கவுண்ட்ல அழிஞ்சிருக்கு, அங்கதான் மீட்கணும். 30 நாள் வரைக்கும் பழைய நிலைமைக்கு திருப்பலாம், உனக்கு இன்னும் 13 நாள் இருக்கு. ஆனா நாளைக்குன்னு தள்ளாத, இன்னிக்கே உக்காரு.

நடந்தது என்னன்னா, கம்ப்யூட்டர்ல ஒண்ணு போன்ல ஒண்ணுன்னு ரெண்டு லிஸ்ட் இருக்கறதா நீ நினைச்சுட்ட. இருக்கறது ஒரே லிஸ்ட், அது கூகுள்ல இருக்கு, போனும் ப்ரௌசரும் அதை காட்டுற ரெண்டு ஜன்னல். சேர்த்தா ரெண்டுலயும் சேரும், அழிச்சா ரெண்டுலயும் அழியும். அந்த அறுபது எழுபது ஏன் மிஞ்சுச்சுன்னா அதெல்லாம் சிம்லயோ போன் மெமரியிலயோ சேவ் ஆனது, கூகுளுக்கு போகவே இல்ல.

இப்போ முக்கியமான விஷயம், இதை விட்டுட்டா இன்னொரு தடவை அழுவ. இந்த 17 நாள்ல அப்பா புதுசா நம்பர் சேவ் பண்ணிருப்பார் இல்லையா? பழைய நிலைமைக்கு திருப்புற வசதி பேரு 'அன்டூ சேஞ்சஸ்', அதை பண்ணா லிஸ்ட் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடும், அதுக்கப்புறம் சேர்த்த நம்பர் போயிடும். அதனால மொதல்ல இப்ப இருக்கறத எக்ஸ்போர்ட் பண்ணி வை, விகார்ட் ஃபார்மட்ல, அதாவது காண்டாக்ட்ஸ்க்குன்னே இருக்கற விசிஎஃப் ஃபைல். சிஎஸ்வி வேணாம், எக்செல்ல திறக்கவும் வேணாம். வேலை முடியற வரைக்கும் அப்பாவ போன்ல புது நம்பர் சேவ் பண்ண வேணாம்னு சொல்லு, காகிதத்துல எழுதிக்கட்டும்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்துல வலது மேல பல்சக்கரம் மாதிரி இருக்கும், அதுல 'அன்டூ சேஞ்சஸ்'. பத்து நிமிஷம், ஒரு மணி நேரம், நேத்து, ஒரு வாரம்னு வரும், கடைசியா 'கஸ்டம்', அதுல எத்தனை நாள்னு நீயே போடலாம். நீ இம்போர்ட் பண்ணதுக்கு முந்தின நாளுக்கு போகணும், அழிச்ச நாளுக்கு இல்ல. அழிச்ச நாளுக்கு போனா அந்த கேள்விக்குறி 1,800ம் சேர்ந்து வந்துடும். 'ட்ராஷ்'ங்கற குப்பைத்தொட்டியிலயும் 30 நாள் இருக்கும்தான், ஆனா அங்க 3,600ம் கலந்து கிடக்கும், பொறுக்கி எடுக்க முடியாது. முடிஞ்சதும் அந்த விசிஎஃப்ப இம்போர்ட் பண்ணு.

நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க சித்தப்பா போன் தண்ணியில விழுந்தப்போ அவர் நம்பர் எல்லாம் போன் மெமரியில மட்டும் இருந்துச்சு, சித்தி காரியத்துக்கு சொந்தக்காரங்களுக்கு சொல்ல வீடு வீடா ஆள் அனுப்பினோம்.

வேளச்சேரி_கீபோர்ட்:

அண்ணன் சொன்னது கரெக்ட், அதே ஆர்டர்ல பண்ணுங்க. நான் எக்செல் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா இது உங்க தப்பு இல்ல, நிறைய பேர் விழுற குழி இது.

எக்செல்லுக்கு போன் நம்பர்னு ஒண்ணு தெரியாது, அதுக்கு எல்லாமே கணக்கு போடுற எண்தான். முன்னாடி இருக்கற ப்ளஸ்ஸ தூக்கிடும், 044ல வர்ற முதல் ஜீரோவ தூக்கிடும், 91 சேர்த்து 12 இலக்கமா இருந்தா சுருக்கி 9.19ஈ+11னு காட்டும். காட்டுறதோட விட்டாலும் பரவால்ல, சிஎஸ்வியா சேவ் பண்ணும்போது திரையில என்ன தெரியுதோ அதத்தான் ஃபைல்ல எழுதும், மீதி இலக்கம் அங்கயே காலி. கேள்விக்குறி வந்தது வேற காரணம், சாதா சிஎஸ்வின்னு சேவ் பண்ணா தமிழ் எழுத்துக்கு அதுல இடமே இல்ல. சேவ் ஆஸ் லிஸ்ட்ல 'சிஎஸ்வி யுடிஎஃப்-8'னு தனியா ஒண்ணு இருக்கும், அதுல தமிழ் எழுத்துக்கும் இடம் உண்டு, அதத்தான் எடுக்கணும். நம்பர் இருக்கற நெடுவரிசைய எக்செல்லுக்குள்ள கொண்டு வரும்போதே 'டெக்ஸ்ட்'னு மாத்திடணும், கொண்டு வந்தப்புறம் மாத்தி பிரயோஜனம் இல்ல.

ஆனா உங்க வேலைக்கு எக்செல்லே தேவையில்ல சிஸ்டர். கூகுள் காண்டாக்ட்ஸ்லயே 'லேபிள்' இருக்கு. "இலை", "பந்தல்", "பரிசாரகர்", "பாத்திரம் வாடகை"ன்னு லேபிள் போட்டுட்டா போதும், அப்பா வச்ச பேர்ல கை வைக்க வேணாம், அவர் மனசுல அந்தப் பேர்தான் பதிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, எல்லா நம்பரையும் +91 போட்டு வைங்க. 98ல ஆரம்பிக்கற ஒரே நம்பர் ஜீரோ போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு, +91ஓட ஒண்ணுன்னு மூணா கிடக்கும். லேண்ட்லைன் +91 44னு வரும், அந்த ஜீரோ வராது.

திருவான்மியூர்_அலை:

நான் கொஞ்சம் மாறுபடறேன், மன்னிக்கணும். மீட்கறதுக்கு அவங்க சொன்னபடியே செய்யுங்க, அதுல மாற்றுக்கருத்து இல்ல. ஆனா 22 வருஷ தொழில் ஒரே ஒரு மெயில் அக்கவுண்ட்ல தொங்குறது எனக்கு பயமா இருக்கு, பாஸ்வேர்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. சிங்க்குங்கறது (போனும் கூகுளும் தானா ஒத்துப்போறது) பேக்கப் இல்ல, தப்பையும் அது அதே வேகத்துல எடுத்துட்டு போகும்னு நீங்களே பார்த்துட்டீங்க. மாசம் ஒரு தடவை, அமாவாசை அன்னிக்குன்னு வச்சுக்கோங்க, விசிஎஃப் ஒண்ணு எக்ஸ்போர்ட் பண்ணி பென்ட்ரைவ்ல தேதி போட்டு வைங்க. 1,800 பேர் லிஸ்ட், போட்டோ இல்லாம இருந்தா ஒரு எம்பி கூட வராது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ப்ரௌசர் வேணாம், தனி அட்ரஸ் புக் வேணும்னா தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர் போடுங்க, இலவசம். 2022ல வந்த 102வது வெர்ஷன்ல அட்ரஸ் புக்க புதுசா பண்ணாங்க, கார்ட்டேவ் வழியா கூகுள் லிஸ்ட்டோட நேரா பேசும். கார்ட்டேவ்ங்கறது காண்டாக்ட்ஸ் லிஸ்ட்ட சர்வரோட பரிமாறிக்க 2011லயே வந்த பொது விதிமுறை, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தம் இல்ல. கூகுளே வேணாம்னா நெக்ஸ்ட்க்ளவுட்ங்கற சாஃப்ட்வேர் போட்டு சொந்த சர்வர் வச்சுக்கிட்டு, அதோட போன் லிஸ்ட்ட சிங்க் பண்ற டேவ்எக்ஸ்5 ஆப்ப போன்ல போடலாம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன், ஆனா சர்வர பாத்துக்க வீட்ல ஒரு ஆள் வேணும்.

மேற்குமாம்பலம்_மகள்:

அண்ணா, எல்லாரும் நல்லா இருக்கணும்!! நேத்து ராத்திரி உக்காந்தேன். மொதல்ல விசிஎஃப் எக்ஸ்போர்ட் பண்ணேன், அப்பா இடையில 41 நம்பர் சேர்த்திருந்தார், அண்ணா சொல்லலன்னா அதுவும் போயிருக்கும். கஸ்டம்ல 19 நாள் போட்டேன், கை நடுங்குச்சு. கொஞ்ச நேரத்துல 1,812னு வந்து நின்னுச்சு, தமிழ் அப்படியே இருக்கு. அப்புறம் அந்த 41ஐ சேர்த்தேன்.

ஆனா கம்ப்யூட்டர்ல வந்தது போன்ல வரல, அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் அந்த கொஞ்சம் நம்பர்தான் தெரியுது. ஏன்?

பெரம்பூர்_லோகோ:

பயப்படாத. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் அப்பா மெயில தொட்டு 'அக்கவுண்ட் சிங்க்'ல காண்டாக்ட்ஸ் ஆன்ல இருக்கான்னு பாரு, யாராவது அணைச்சு வச்சிருப்பாங்க. பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் சிங்க் தூங்கும்.

வந்ததும் ரெண்டு வேலை பண்ணிடு. காண்டாக்ட்ஸ் ஆப் செட்டிங்ஸ்ல புது நம்பர் எங்க சேவ் ஆகணும்னு இருக்கும், அங்க அப்பாவோட கூகுள் அக்கவுண்ட்ட வை. சிம்ல இருக்கறதையும் அதே ஆப்ல இம்போர்ட் பண்ணி மேல ஏத்திடு, சிம்ல இடமும் கம்மி, தமிழ் பேர் நீளமா இருந்தா பாதியில வெட்டிடும். அப்புறம் வாட்ஸாப்புக்குள்ள நம்பர் சேவ் பண்ணும்போது போன்லயும் சேர்க்கவான்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆஃப்ல இருந்தா அந்த நம்பர் வாட்ஸாப்போடயே நின்னுடும். அப்பாகிட்ட காட்டி சொல்லிடு.

மேற்குமாம்பலம்_மகள்:

பேட்டரி சேவர்தான் அண்ணா! கடைக்காரர் போட்டு விட்டிருக்கார். அணைச்ச உடனே வரிசையா ஏற ஆரம்பிச்சுது, அப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா தள்ளி தள்ளி பார்த்துட்டே இருந்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம "இலை கோயம்பேடு பழையவர்"க்கு போன் போட்டு, "அண்ணே, முகூர்த்தத்துக்கு எழுநூறு தலைவாழை வேணும்"னார்.

பென்ட்ரைவ் வாங்கிட்டேன். முதல் விசிஎஃப் ஏத்திட்டேன்.