சக ஆசிரியர் வகுப்பில் வந்து உட்காரலாமா? டெல்டா கல்லூரி ஆசிரியர்களின் விவாதம்

தாளடி:

அனைவருக்கும் வணக்கம். நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) ஒரு யோசனையை முன்வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் பருவத்துக்கு 2 முறை வேறொரு ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தன் வகுப்பையும் 2 முறை பார்க்க விட வேண்டும். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். திருச்சிக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுப் போகிற பயிற்சிகள் வழக்கம்போல நடக்கும், இது கூடுதல். ஆசிரியர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பதால் இங்கே கேட்கிறேன். நான் ஆதரவு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில் பதவி உயர்வு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கற்பித்தலுக்கு அங்கே உள்ள அளவுகோல், ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை விழுக்காடு எடுத்தீர்கள் என்பது. 80-ம் அதற்கு மேலும் 'நன்று', 70 முதல் 80-க்குள் 'திருப்தி'. எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அடுத்த நிலைக்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி, அப்புறம் ரெஃப்ரெஷர் என்ற புத்தாக்கப் பயிற்சி. இவற்றை நடத்துகிற மையங்கள் 1986 கல்விக் கொள்கையை ஒட்டி அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கின, பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் ஆயின, 2023-லிருந்து மாளவியா மிஷன் மையம் என்று பெயர். நல்ல பாடங்கள் அங்கே நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று வாய்க்கால் ஓரம் நடந்து பார்க்கிற ஊர் இது. பயிற்சியில் கற்றது வகுப்பறை வரை வந்ததா என்று பார்க்க மட்டும் ஏற்பாடே இல்லை.

வெண்ணாற்றங்கரை:

தோழர், நான் எதிர்ப்பு. பார்ப்பது என்று தொடங்குவது ஆய்வில்தான் போய் முடியும். துறைத் தலைவர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் அது சக ஆசிரியர் பார்வை அல்ல, மேற்பார்வை. துறைக்குள் இரண்டு அணி இருந்தால் அந்தக் குறிப்புத் தாள் யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நேரம். வாரம் 16 மணி வகுப்பு, அதோடு சேர்க்கை, தேர்வுப் பணி, நான் முதல்வன் பதிவேற்றம், என்எஸ்எஸ், நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் தேசிய அமைப்பு) கோப்புகள். இதற்கு மேல் இன்னொரு படிவமா? படிவம் வந்தால் நிரப்பப்படும், அவ்வளவுதான். நீங்கள் எனக்கு ஐந்துக்கு ஐந்து போடுங்கள், நான் உங்களுக்கு ஐந்துக்கு ஐந்து போடுகிறேன் என்றாகி, அது கோப்பில் ஏறி, நாக் குழுவுக்குக் காட்டப்படும். ஒரு மாணவருக்கும் ஒன்றும் கூடியிருக்காது.

குடமுருட்டி:

நேரக் கணக்கை முதலில் முடிப்போம். வகுப்புக்கு முன் பேச்சு 15 நிமிடம், வகுப்பு 50, பின் பேச்சு 20. பார்க்கப் போகிறவருக்கு 85 நிமிடம், 2 முறைக்கு 170. பார்க்க விடுகிறவருக்கு அந்த 50 நிமிடம் எப்படியும் எடுக்க வேண்டிய வகுப்பு. முன்னும் பின்னும் 35 மட்டுமே கூடுதல், 2 முறைக்கு 70. ஆக 240 நிமிடம், ஒரு பருவத்துக்கு 4 மணி நேரம். வாரம் 16 மணி, 15 வாரம் என்று வைத்தால் நீங்கள் எடுக்கும் வகுப்பு 240 மணி. அதன் பக்கத்தில் 4 மணி பெரிய சுமை இல்லை.

உண்மையான சிக்கல் டைம்டேபிள். உங்கள் காலி பீரியடில் அவருக்கு வகுப்பு இருக்க வேண்டும், அவருடைய காலி பீரியடில் உங்களுக்கு. ஒரே துறைக்குள் தேடினால் கிடைக்காது. இரண்டு மூன்று துறைகளின் கால அட்டவணையைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜோடி சேர்த்தால் கிடைக்கும். வேறு துறை ஆள் வருவதில் ஒரு நன்மையும் உண்டு. தாவரவியல்காரர் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தால் பாடத்தைத் திருத்த மாட்டார், மாணவர் இடத்தில் இருந்து கேட்பார். அவர் எந்த நிமிடத்தில் வழி தவறினாரோ அதே இடத்தில்தான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் தவறியிருப்பார்கள்.

படிவம் பற்றித் தோழர் சொன்னது முழுக்கச் சரி. ஐந்துக்கு எத்தனை என்ற படிவம் கூடவே கூடாது. ஒரு வெள்ளைத் தாளை மூன்று பத்தியாக மடியுங்கள். முதல் பத்தியில் மணி, இரண்டாவதில் ஆசிரியர் என்ன செய்கிறார், மூன்றாவதில் மாணவர் என்ன செய்கிறார்கள். 2 நிமிடத்துக்கு ஒரு வரி, 50 நிமிடத்துக்கு 25 வரி. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளுக்காக 2013-ல் வெளியான கோபஸ் என்ற பதிவு முறையிலும் இதே 2 நிமிடக் கணக்குத்தான். 'விளக்கம் அருமை', 'குரல் தெளிவு' என்று எழுதக் கூடாது. '10.42: என்ட்ரோபி ஏன் கூடுகிறது என்று கேட்டார். 10.42: தானே பதில் சொன்னார்' என்று எழுத வேண்டும். நன்று, தீது என்ற சொல்லே தாளில் இல்லையென்றால், அதை யார் மீதும் ஆயுதமாகப் பயன்படுத்துவது கடினம்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாகக் கூட்டினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். நம் வகுப்பில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் வந்த கேள்வியை மனதுக்குள் தமிழாக்கி, பதிலைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் கோக்க வேண்டும். 3 விநாடியே அதற்குப் போதாது, 8 அல்லது 10 வேண்டும். எடுக்கிறவருக்கு அந்த மௌனம் மிக நீளமாகத் தெரியும், அதனால் தானே உடைத்துவிடுவார். இது வெளியிலிருந்து ஒருவர் கடிகாரத்தோடு பார்த்தால்தான் தெரியும். 21 நாள் பயிற்சியில் சொல்லித் தரலாம், செய்கிறோமா என்று அங்கே தெரியாது.

கடைமடை:

சார், உங்கள் கணக்கை ஏற்கிறேன். கௌரவ விரிவுரையாளர்களை இதில் எங்கே வைக்கிறீர்கள்?

அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கை, மாலை ஷிஃப்ட் உட்பட, அவர்கள்தான் சுமக்கிறார்கள். பதவி உயர்வு ஏணியே இல்லாததால் தாளடி சொன்ன அந்த அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. அடுத்த கல்வியாண்டு பணி தொடருமா என்பது கல்லூரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. அப்படிப்பட்டவரிடம் 'விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்' என்று சுற்றறிக்கை வந்தால், பெயர் கொடுக்காமல் இருப்பதே அவர்மீது ஒரு பதிவாகிவிடும். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு இது விருப்பம். இவருக்கு அது கட்டாயம்.

அதே நேரத்தில், உதவி அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். கல்லூரி திறக்கும் வாரத்தில் தன் சிறப்புப் பாடம் அல்லாத தாள் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, 60 பேர் உள்ள அலைடு (துணைப் பாட) வகுப்புக்குள் போகிறவருக்கு, அதே தாளைப் பலமுறை எடுத்தவர் முதல் அலகை எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்கக் கிடைத்தால் எவ்வளவு உதவி! அதனால் வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதல் பருவத்தில் மூத்த பேராசிரியர்களின் வகுப்பு மட்டும் திறந்திருக்கட்டும். இளையவர்கள் போய்ப் பார்க்கட்டும், அவர்களை யாரும் பார்க்க வேண்டாம். கதவை முதலில் திறக்க வேண்டியவர், திறந்தால் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்.

வெண்ணாற்றங்கரை:

கடைமடை மேடம் சொன்னதுதான் என் எதிர்ப்பின் மையம், என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

குடமுருட்டி ஐயாவுக்கு இரண்டு சொல்ல வேண்டும். பின் பெஞ்சில் இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்தாலே வகுப்பு மாறிவிடுகிறது. பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆசிரியர் அன்றைக்கென்று தயாரித்து வந்திருப்பார். நீங்கள் 25 வரியில் பதிவது அன்றைய ஒத்திகையைத்தான். அதற்கு, பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்த, சக ஆசிரியர்களே மாணவராக நடிக்கச் சிறு பாடம் நடத்திப் பழகும் மைக்ரோடீச்சிங்கே மேல் என்பேன். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி கருத்து. 36 நிமிடத்தில் ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பது என்றால் அது மட்டும், கரும்பலகையில் எழுதுவது என்றால் அது மட்டும். காலி அறையில் நடக்கும், மாணவர் முன்னால் யாருக்கும் மதிப்புக் குறையாது, டைம்டேபிள் ஒத்துவரவும் வேண்டாம்.

குடமுருட்டி:

முதல் வருகையில் வகுப்பு மாறும், உண்மை. அதனால்தான் அதே ஆள், அதே வகுப்புக்கு, ஒரே வாரத்துக்குள் 2 முறை போக வேண்டும். நான்கு பேர் ஆளுக்கு ஒரு முறை போவதில் பயனில்லை. இரண்டாவது முறைக்குள் பிள்ளைகள் அவரை மறந்துவிடுவார்கள். முதல் தாளைக் கிழித்துப் போட்டாலும் சரி.

மைக்ரோடீச்சிங் புதிதாக வருகிறவருக்கு நல்லதுதான். ஆனால் மாணவராக நடிக்கும் ஆறு பேருக்கும் விடை தெரியும். தெரியாதவர் எங்கே தடுமாறுவார் என்பது அந்த அறையில் வெளியே வராது. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது சார்' என்று மொத்த வகுப்பும் சேர்ந்து சொல்கிற இடத்தில் என்ன செய்வது என்று அங்கே பழக முடியாது.

இன்னொன்று, பின் பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் அறிவுரை கூடிப்போவதால். 2 நாளுக்குள் பேச வேண்டும். வகுப்பு எடுத்தவர் முதலில் பேச வேண்டும். அவர் முன் பேச்சில் 'இதைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டது எதுவோ அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அடுத்த வாரம் மாற்றிப் பார்க்க ஒரே ஒரு விஷயம் போதும். ஐந்து சொன்னால் ஐந்தும் நடக்காது.

பாமணி:

இருவரும் வகுப்பறைக் கதவிலேயே நிற்கிறீர்கள். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாத துறையில் அங்கே தொடங்குவது சிரமம். விடைத்தாளில் தொடங்கலாம்.

உள்மதிப்பீடு 25, பருவத்தேர்வு 75 என்று இருக்கும் தாள்களில், அந்த 25-ஐ ஆளுக்கொரு விதமாகப் போடுகிறோம். முதல் சிஐஏ (உள்மதிப்பீட்டுத் தேர்வு) முடிந்ததும் ஒரு கட்டிலிருந்து 5 விடைத்தாள் எடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மூன்று. பதிவெண்ணைத் தாள் ஒட்டி மறைத்து மூன்று படி ஜெராக்ஸ் போடுங்கள். அதே பாடம் தெரிந்த மூன்று பேர் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை வேறு தாளில் எழுதிக்கொண்டு வந்து ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். 10 மதிப்பெண் வினாவுக்கு ஒருவர் 8, இன்னொருவர் 4 போட்டிருப்பார். இரண்டுக்கு மேல் வித்தியாசம் உள்ள விடைகளை மட்டும் பேசுங்கள். ஏன் 8, ஏன் 4 என்று கேட்கும்போதுதான், அந்தப் பாடத்தில் எதை முக்கியம் என்று ஒவ்வொருவரும் நடத்தினார்கள் என்பது வெளியே வரும். படம் போட்டால் 2 மதிப்பெண் என்று ஒருவர் நினைத்திருப்பார், மற்றவர் படத்தைக் கேட்டிருக்கவே மாட்டார். வினா சரியில்லை என்பதும் பல நேரம் அங்கேதான் தெரியும். 5 தாளுக்கு ஒரு மணி நேரம், பேச்சுக்கு 45 நிமிடம். யாரும் யாரையும் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்க்கிறோம். ஒரு பருவம் இப்படி உட்கார்ந்தவர்கள் அடுத்த பருவம் வகுப்புக்குள் விடுவார்கள்.

மாணவர் கருத்தையும் சேர்க்க வேண்டும். பருவ முடிவில் கூகுள் ஃபாரத்தில் வாங்குவது அந்தப் பிள்ளைகளுக்கே பயன்படாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை ஒன்று உண்டு. பருவத்தின் 5 அல்லது 6-ஆம் வாரம், பாட ஆசிரியர் வெளியே போய்விடுவார், வேறு ஒருவர் 20 நிமிடம் வகுப்பை எடுத்துக்கொள்வார். நான்கைந்து பேர் குழு, குழுவுக்கு ஒரு தாள், இரண்டு கேள்வி: நீங்கள் கற்க எது உதவுகிறது, எதை மாற்றினால் உதவும். தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கருத்தையும் வாசித்துக் கை தூக்கச் சொல்லி, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டதை மட்டும் ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், இன்டர்னலில் கை வைப்பார்கள் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். அதனால் தாள்களை அவர் கையில் கொடுக்கவே கூடாது. நம் பக்கம் இதை ஆகஸ்ட் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். சம்பா நடவு தொடங்கினால் கிராமத்துப் பிள்ளைகள் பலர் வயலுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் வடகிழக்குப் பருவமழை விடுமுறை.

தாளடி:

பாமணி ஐயா சொன்ன வரிசையும் கடைமடை மேடம் சொன்ன வரிசையும் சேர்ந்தே போகும். முதல் பருவம் விடைத்தாள், கூடவே மூத்தவர்களின் வகுப்பு திறப்பு. இரண்டாவது பருவத்திலிருந்து, விரும்புகிற நிரந்தர ஆசிரியர்களுக்குள் ஜோடி.

கோப்பு விஷயத்தில்தான் எனக்கு நெருக்கடி. நாக் மதிப்பீட்டில் ஆசிரியர் மேம்பாட்டுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதற்குச் சான்று கேட்பார்கள். ஒன்றுமே எழுதாமல் நடந்தது என்று காட்ட முடியாது.

கடைமடை:

நடந்த தேதி, எத்தனை ஜோடி, எந்தத் துறைகள். இந்த மூன்று வரி சான்றுக்குப் போதும். யார் யாரைப் பார்த்தார், என்ன பேசினார்கள் என்பது சான்று அல்ல.

வெண்ணாற்றங்கரை:

அப்படியானால் சுற்றறிக்கையில் இரண்டு வாக்கியம் வர வேண்டும். ஒன்று, 25 வரித் தாள் வகுப்பு எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும். படியோ, புகைப்படமோ, வாட்ஸ்அப் அனுப்பலோ கிடையாது. இரண்டு, பணி நீட்டிப்பு, பதவி உயர்வு, பணியிட மாறுதல் எதிலும் இதைப் பற்றிய பேச்சே எழாது. கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு அந்த இரண்டு வாக்கியம் வரட்டும். வந்தால் முதல் ஜோடியில் என் பெயரைப் போடுங்கள் தோழர், என் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கே வரலாம். வராவிட்டால் சங்கக் கூட்டத்தில் எதிர்த்தே பேசுவேன்.