காரைக்குடியிலிருந்து பிளேட்டிங் (உலோகப் பூச்சு) கம்பெனிகளுக்கு நேரடியாக எழுதி வேலை கேட்கலாமா?

செக்காலை:
அழகப்பா பல்கலையில் எம்.எஸ்சி. தொழிலக வேதியியல் கடைசி செமஸ்டர். பிளேட்டிங் லேபில் வேலை வேண்டும். நௌக்ரியில் போட்டால் பதிலே வருவதில்லை. விளம்பரம் வராத கம்பெனிக்கு எழுதலாமா? யாருக்கு, எப்படி? இங்கே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கும் மெயில் போடலாமா?

அம்பத்தூர் லேப்:
தாராளமாக எழுதலாம் தம்பி. அம்பத்தூர், ஓசூர், கோவையில் முதலாளியே நின்று நடத்தும் சின்ன யூனிட்டுகள் நிறைய. லேப் கெமிஸ்ட் விலகினால் விளம்பரம் போட மாட்டார்கள், தெரிந்தவர்களிடம்தான் விசாரிப்பார்கள். இண்டியாமார்ட்டில் "ஜிங்க் பிளேட்டிங்" என்று தேடி 20 யூனிட்டை ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள்: என்ன பூச்சு, யாருக்கு சப்ளை, முதலாளி அல்லது குவாலிட்டி மேனேஜர் பெயர். பொது மெயில் முகவரிக்கு அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான்.

மெயில் 120 சொல்லுக்குள் முடியட்டும். சப்ஜெக்டில் "லேப் கெமிஸ்ட் – ஜிங்க், நிக்கல் பாத் அனாலிசிஸ் – ஜூனில் சேரலாம்" என்று இருந்தால் திறப்பார்கள் (பாத் என்றால் பூச்சுக் கரைசல்). "பிளேட்டிங் நன்கு தெரியும்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. நீங்கள் செய்ததை, உதாரணமாக ஹல் செல் (பூச்சைச் சோதிக்கும் சின்னத் தொட்டி) டெஸ்டை, அப்படியே எழுதுங்கள்: "267 மில்லி ஹல் செல்லில் 1 ஆம்பியர், 5 நிமிடம் ஜிங்க் பேனல் ஓட்டியிருக்கிறேன். கரண்ட் குறைந்த பக்கம் கருத்தால் செம்பு, ஈய மாசு இருக்கிறதா என்று பார்ப்பேன்." பிளேட்டிங் லைன் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு வரி போதும், ஆள் பாத் பக்கம் நின்றவரா என்று தெரிந்துவிடும். செய்யாததை மட்டும் எழுதிவிடாதீர்கள், இண்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான்.

ரெஸ்யூம் ஒரே பக்கம், பிடிஎஃப். 50 பேரை பிசிசியில் போட்டு ஒரே மெயிலைத் தட்டிவிட்டால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம், விழாவிட்டாலும் பொதுக் கடிதம் என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் பதில் இல்லையா, அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி ரிப்ளை. அப்புறம் ஒரு போன். அதோடு அடுத்த யூனிட்டுக்குப் போங்கள்.

கோட்டையூர் அக்கா:
லிங்க்ட்இன்னில் பல்கலையின் பக்கத்தில் அலுமினி பகுதி இருக்கிறது. ஊர், நிறுவனம், படித்த பாடம் என்று சலித்து எடுக்கலாம். இலவசக் கணக்கில் இணைப்புக் குறிப்பு 200 எழுத்துதான், அதுவும் மாதத்துக்குச் சிலருக்கு மட்டுமே. அதை "வேலை இருக்கா அண்ணா" என்று வீணாக்காதீர்கள். "இல்லைப்பா" என்றதும் பேச்சு முடிந்துவிடும். "உங்கள் லேபில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மாதம் என்ன டெஸ்ட் கொடுப்பீர்கள்? 15 நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல அவருக்கும் பிடிக்கும். வைக்கும் முன் "வேறு யாரிடம் பேசலாம் அண்ணா?" என்று ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான்:
ஊர் வழியையும் விடாதீர்கள். தை, வைகாசி கல்யாணங்களுக்கு வெளியூரில் தொழில் செய்கிறவர்கள் வீட்டைத் திறக்க வருவார்கள். பந்தியில் வைத்து ரெஸ்யூமை நீட்ட வேண்டாம். நம்பர் வாங்கி, மறுநாள் வாட்ஸ்அப்பில் நான்கு வரி: என்ன படிப்பு, என்ன டெஸ்ட் தெரியும், என்ன வேலை வேண்டும், எப்போது சேரலாம். அவர் அப்படியே ஃபார்வர்டு செய்கிற மாதிரி இருக்கட்டும். இல்லையென்றால் "நம்ம ஊர்ப் பையன், ஏதாவது பாருங்க" என்று மட்டும் சொல்வார். கேட்கிறவருக்கு எந்த வேலைக்கென்றே புரியாது.

சிக்ரியில் திட்டப் பணியாளர் எடுப்பது அறிவிப்பு வழியாகத்தான், மெயிலுக்கு வேலை கிடைக்காது. இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் அந்த வேலையும் முடியும்.

செக்காலை:
நன்றி. போனில் எடுத்ததும் என்ன சொல்வது?

அம்பத்தூர் லேப்:
"சார், லேப் கெமிஸ்ட் வேலைக்கு திங்கட்கிழமை மெயில் போட்டிருந்தேன், ரெண்டு நிமிஷம் பேசலாமா?" காலையில் லோடு ஏற்றும் நேரத்தில் கூப்பிடாதீர்கள், 11 மணிக்கு மேல் நல்லது. ஆள் தேவையில்லை என்றால், தெரிந்த வேறு யூனிட்டில் தேவையா என்று கேளுங்கள். வேலைக்கு டெபாசிட் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.