முள்ளளவு வேறு, முனையளவு வேறு

எல்லோருக்கும் வணக்கம்.

நம் அகராதிக்காக மைப்பேனாச் சொற்களைத் தமிழாக்குவது பற்றிய பேச்சில், ‘நிப் சைஸ்’ என்பதற்கு ‘முள்ளளவு’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடலாம் என ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பேனா முள் என்று எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம், அதனால் அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஒன்று மட்டும் போதாது.

போன மாதம் பாரிமுனையில் ஒரு கடையில் ‘மீடியம் சைஸ் நிப்’ வேண்டும் என்று கேட்டேன். முதுகில் எம் என்று பொறித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாக்கின் (முள்ளுக்கு அடியில் மையைக் கொண்டுவரும் துண்டு) மேல் வைத்துப் பேனாவின் கழுத்தில் (விரல் பிடிக்கும் முன்பகுதி) செருகினால் பிடிப்பே இல்லை, தலைகீழாகப் பிடித்ததும் கழன்று மேசையில் விழுந்துவிட்டது. என் பேனாவுக்கு வேண்டியது 6ஆம் எண் முள், கொடுத்தது 5. எழுத்தின் தடிமனைக் கேட்டால் சைஸ், முள்ளின் உடம்பைக் கேட்டாலும் சைஸ் என்றால் கடைக்காரர்தான் என்ன செய்வார்?

5, 6 என்பவை முள் எந்தக் கழுத்துக்குப் பொருந்தும் என்பதைச் சொல்பவை. அதுவும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவல்ல. ஜப்பான் பேனா நிறுவனமான பைலட்காரர்கள் 5, 10, 15 என்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள், நம் நாட்டு முட்களை 35 மி.மீ. என்று நீளத்தைச் சொல்லியே விற்கிறார்கள். இதற்கு முள்ளளவு சரி. (585, 750 என்று பொறித்திருந்தால் அது அளவே இல்லை, ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான்.)

எஃப் (ஃபைன்), எம் (மீடியம்), பி (பிராட்) என்பவை நுனியைப் பற்றியவை. முள்ளின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக ஒரு உலோகப் பொட்டு தெரியும், இரிடியம் என்று பழக்கத்தில் சொல்வோமே, அது. அதைத் தேய்த்து எடுக்கும் பருமன்தான் தாளில் கோடாக விழுகிறது. இதற்கு ‘முனையளவு’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. பொட்டளவு என்றும் யோசித்தேன், ஆனால் பொட்டே வைக்காத ஸ்டப் முட்களும் (நுனியைத் தட்டையாக வெட்டியவை) இருக்கின்றன, அங்கே அந்தச் சொல் நிற்காது.

அப்புறம், எஃப்புக்கு ‘நுண்மை’, பிக்கு ‘அகன்மை’ என்றெல்லாம் இங்கே முன்பு வந்த பட்டியல் எனக்கு ஒட்டவில்லை. ‘பட்டையா எழுதுது, மெலிசா எழுதுறதா கொடுங்க’ என்றுதானே கடையில் கேட்கிறோம்? மெல்லிசு, நடு, பட்டை என்றே வைத்துக்கொள்வோம், ஈஎஃப்புக்கு (எக்ஸ்ட்ரா ஃபைன்) மிகமெல்லிசு. நமக்கு இது வெறும் ரசனை விஷயமும் அல்ல. சின்ன எழுத்தாகப் பட்டை முனையில் ‘ண’ எழுதிப் பாருங்கள், மூன்று சுழியும் மையில் அடைந்து ‘ன’வா ‘ண’வா என்றே தெரியாது. ஜப்பான் முட்களில் எஃப் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஜெர்மன் எஃப்பைவிட மெல்லிசாகவே எழுதும், ஆகவே பொறித்த எழுத்தை மட்டும் நம்பாமல் எந்த ஊர் முள் என்பதையும் பார்க்கச் சொல்லி அகராதிப் பதிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஸ்டப்புக்கு ‘வெட்டுமுனை’ போட்டிருக்கிறேன், 1.1 என்று பொறித்திருந்தால் 1.1 மி.மீ. வெட்டுமுனை. சாய்வாகத் தேய்த்த ஆப்ளிக்குக்கு ‘சாய்முனை’ எனக்கே முழுத் திருப்தியாக இல்லை, கையெழுத்துக் கலை பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.