ஆறு நாள் விரதம், பாறணைக்குப் பிறகு கால் வீக்கம்

கோண்டாவில்:
ஒரு அம்மாவுக்குக் கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரும் தேசிக்காய்த் தண்ணியும்தான். ஏழாம் நாள் பாறணைக்குச் சோறு, வடை, பாயாசம் எல்லாம் ஒரேயடியா. மூண்டாம் நாள் அந்த அம்மாவின்ர கணுக்காலை விரலால அமத்த, விழுந்த குழி அப்பிடியே நிண்டுது. கிட்னி போச்செண்டு வீட்டில அழுகை. ஆனால் வீக்கத்துக்கு வேற காரணமும் இருக்கு: பட்டினிக்குப் பிறகு மாச்சத்து கூடப் போனால் இன்சுலின் ஏறும். அது உப்பை வெளியால விடாது, உப்போட தண்ணியும் தங்கும். வீக்கம் சின்ன விசயம். அதே இன்சுலின் இரத்தத்தில இருக்கிற பொஸ்பேற், பொட்டாசியம், மக்னீசியத்தைக் கலங்களுக்குள்ள இழுக்கும். நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால் உடன ஆஸ்பத்திரி.

மானிப்பாய்:
பாயாசத்தில பிழை இல்லை, அளவிலதான் பிழை. 5 நாளுக்கு மேல சாப்பாடில்லாமல் இருந்தவைக்கு முதல் 2 நாளும் வழமையான தேவையில பாதிக்கு மேல குடுக்கிறேல்லை, இது ஆஸ்பத்திரிக் கணக்கு. கால் சுண்டு குத்தரிசிக்கு எட்டுப் பங்கு தண்ணி விட்டுக் கஞ்சியாக் குழைய அவிச்சு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரைக் கோப்பை. தீட்டின பச்சையரிசி வேண்டாம்: மாச்சத்தை எரிக்கத் தயமின் (விற்றமின் B1) வேணும், தீட்டின அரிசியில அது தவிட்டோட போயிடும். ரெண்டாம் நாள் அதுக்குள்ள பயறு. மூண்டாம் நாள் கொஞ்சச் சோறு, உறைப்பில்லாத சொதி. எண்ணெயில பொரிச்சது அதுக்குப் பிறகு. பசிக்குதெண்டு கெஞ்சுவினம், இரங்கக் கூடாது.

சாவகச்சேரி:
கஞ்சியைப் பற்றி இவ்வளவு எழுதிற ஆக்கள் இளநீரை விட்டிட்டியள். ஒரு கோப்பையில 500 மில்லிகிராமளவில பொட்டாசியம் இருக்கு. சிறுநீரக வருத்தக்காரர், லொசாட்டன் எண்ட பிரஷர் குளிசை போடுறவை நாளுக்கு நாலைஞ்சு குடிச்சால் பொட்டாசியம் தங்கி இதயத் துடிப்பே குழம்பலாம். சலரோகத்துக்குக் கிளிக்ளசைட் போடுறவை குளிசையை விழுங்கிப்போட்டுப் பட்டினி கிடந்தால் மத்தியானம் சீனி இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், கதை தடுமாறும். சாமி வந்திட்டுதெண்டு விபூதி பூசின இடமும் உண்டு! இரத்தத்தில சீனி 70 mg/dLக்குக் கீழ எண்டால் விரதம் அந்த இடத்திலயே முடிஞ்சுது. 3 தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்தால திரும்பக் குத்திப் பாக்கவேணும். ஆள் மயங்கியிருந்தால் வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, புரையேறும். குளிசையை எவ்வளவு குறைக்கிறதெண்டதைக் விரதம் தொடங்கின பிறகு இல்லை, ரெண்டு கிழமைக்கு முதலே கிளினிக்கில கேக்கவேணும்.

கோண்டாவில்:
நான் சொன்ன அம்மாவுக்குச் சலரோகம் இல்லை.

உடுவில்:
கால் பெருவிரல் வீங்கி எரியிறதை ஒருத்தரும் சொல்லேல்லை. பட்டினியில கொழுப்பு எரிஞ்சு கீற்றோன் கூடினால், யூரிக் அமிலம் வெளியேறுறது குறையும். யூரிக் அமிலத்தால வாற மூட்டு வருத்தம் (கவுட்) உள்ளவை தண்ணியும் குடியாத விரதம் பிடிக்கவே கூடாது.