2 லட்சத்துக்குக் கேமிங் கம்பியூட்டர் பெட்டி: கிராபிக்ஸ் காட் இப்பவா, பிறகா?

வாவிக்கரை:
மொனிட்டர், கீபோட் கிடக்கு. பெட்டிக்கு மட்டும் 2 லட்சம். 1080 திரையில வாலரன்ட், ஜிடிஏ 5, பிறகு புதுசுகளும் விளையாடோணும். இடம் மட்டக்களப்பு கல்லடி, கடற்கரைக்குக் கிட்ட. உள்ளுக்கே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5600ஜி சிபியுவைப் போட்டிட்டு கிராபிக்ஸ் காட்டைப் பிறகு வாங்கலாம் எண்டு கடையில சொல்றாங்க. சரி வருமா?

சாய்ந்தமருதான்:
வராது தம்பி. 5600ஜிக்குள்ள இருக்கிற வேகா எண்ட கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்ல, ரெம்மிலதான் கடன் வாங்கும். 3200 ரெம் ரெண்டு போட்டாலும் செக்கனுக்கு 51 ஜிபிதான். ஆர்எக்ஸ் 6600 காட்டுக்கு 224. வாலரன்ட் ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் குறைச்சா ஓடும், புதுசுகள் திணறும். பிறகு காட் போட்டாலும் அந்த சிப்பில எல்3 கேஷ் (சிபியுக்குள்ள இருக்கிற வேகமான குட்டி மெமரி) 16 எம்பி, கிராபிக்ஸ் இல்லாத சாதாரண 5600இல 32. அந்தக் குறை கடைசி வரைக்கும் போகாது. 5600 எடுங்க, பாவிச்ச ஆர்எக்ஸ் 6600 ஒண்டு போடுங்க.

பாலத்தடி:
பாவிச்ச காட் எண்டு லேசாச் சொல்லிட்டீங்க நானா. வாரன்டி இல்லாத சாமானில பட்ஜெட்டின்ர பெரிய பங்கு போகுது, செத்தா முழுசும் நட்டம். இங்க கரண்ட் வெட்டி வெட்டி வரும், உப்புக்காத்து வேற. 5600ஜி பெட்டி முழுச் சுமையிலயும் 100 வாட்ஸ் பக்கம்தான் இழுக்கும். மிச்சக் காசுக்கு நல்ல 550 வாட்ஸ் பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் இப்பவே வாங்கலாம். கேசிங்கோட சும்மா தாற சப்ளையில 500 எண்டு ஒட்டியிருக்கும், அதை நம்பி ஒரு காட்டையும் மாட்டக் கூடாது.

சாய்ந்தமருதான்:
சப்ளை விசயத்தில உங்களோட சண்டை இல்ல. 6600 காட் 132 வாட்ஸ், 5600 உச்சத்தில 76. நல்ல 550 தாராளம். ஆனா பாவிச்ச காட் எண்டதும் பயப்பிடத் தேவையில்ல, பார்த்து வாங்கத் தெரிஞ்சாச் சரி.

முதல்ல எச்டிஎம்ஐ வாயையும் பின்தகட்டையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா அது கடற்கரை வீட்டில கிடந்த காட், வையுங்க கீழே. ஸ்க்ரூத் தலை தேய்ஞ்சிருந்தா ஆரோ கழட்டியிருக்கான். காட்டின்ர விவரம் காட்டுற ஜிபியு-இசட் மென்பொருளில ஷேடர் எண்ணிக்கை 1792 காட்டோணும். பிறகு காட்டுக்கு முழுச் சுமை குடுக்கிற ஃபர்மார்க்கை 15 நிமிசம் ஓட்டுங்க. சூடு காட்டுற எச்டபிள்யு இன்ஃபோவில ஜிபியு சூட்டுக்கும் ஹொட்ஸ்பொட்டுக்கும் (சிப்பில ஆகக் கூடச் சுடுற இடம்) 30 பாகை வித்தியாசம் வந்தா, சூட்டைக் கடத்துற பேஸ்ட் காஞ்சுபோச்சு. அது மாத்தலாம், விலையைக் குறைச்சுக் கேளுங்க. திரையில கோடோ கட்டமோ விழுந்தா காட்டின்ர மெமரி பழுது. அதை இனாமாத் தந்தாலும் வேணாம்.

பாலத்தடி:
இதெல்லாம் விக்கிறவன்ர வீட்டில ஓட்டிப் பார்க்கக் கிடைச்சாத்தான். கொழும்பில இருந்து பஸ்ஸில போட்டு விட்டா?

சாய்ந்தமருதான்:
அப்படி எண்டா வாங்காதீங்க. ஓட்டிப் பார்க்காத காட்டுக்கு 5600ஜியே மேல், அதை ஒத்துக்கிறன்.

பாலத்தடி:
சரி, அப்ப காட் போடுறதெண்டே வைப்பம். யூபிஎஸ்ஸில 650 விஏ எண்டு இருக்கும், வாட்ஸில அது 360 அளவுதான். இந்தப் பெட்டியும் மொனிட்டரும் 300ஐத் தொடும். சேவ் பண்ணி நிப்பாட்டுற சில நிமிசத்துக்கு மட்டும் அது. கரண்ட் போன உடனே யூபிஎஸ் கத்த பெட்டி மட்டும் அணைஞ்சா, மாறுற அந்த 10 மில்லிசெக்கனை சப்ளையால தாங்க ஏலல்ல எண்டு அர்த்தம். எர்த் இல்லாத பிளக்கில போட்டா கேசிங்கைத் தொட விறுவிறுக்கும், முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ஐப்பசி இடிக்குப் பிளக்கை மட்டும் கழட்டிப் போதாது, ரூட்டர் வயரையும் கழட்டோணும். நெட்வேர்க் வயர் வழியா வாற இடி மதர்போட்டைச் சுட்டிரும். பெட்டியைக் கடல் பக்க ஜன்னலடியில வைக்காதீங்க. கச்சான் காத்துக் காலத்தில அறையே கொதிக்கும், முன்பக்கம் வலை உள்ள கேசிங்கா எடுங்க.

வாவிக்கரை:
காட் மட்டக்களப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். 5600 + 6600 எண்டு வைக்கிறன். மதர்போட் என்ன?

சாய்ந்தமருதான்:
காசு காணுமெண்டா பி550. பி450உம் காணும், ஆனா போட்டில இருக்கிற பயோஸ் மென்பொருள் பழசெண்டா 5600ஐக் கண்டுபிடிக்காது. அப்டேட் பண்ணித் தரச் சொல்லுங்க. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி காட் மலிவெண்டு கடைசி நேரத்தில மனசு மாறாதீங்க. அது போட்டோட டேட்டா மாத்த நாலு பாதைதான், பி450இல படுத்திரும்.

8 ஜிபி ரெம் ரெண்டு, சிபியுவில இருந்து 2ஆம், 4ஆம் குழியில. பயோஸில எக்ஸ்எம்பி (ரெம்மை முழு வேகத்தில ஓட்டுற செட்டிங்) போடாட்டி 3200 ரெம் 2400இலயோ 2666இலயோ நிக்கும், டாஸ்க் மனேஜரில பாருங்க.

பாலத்தடி:
எச்டிஎம்ஐயைக் காட்டில செருகுங்க. 5600க்குள்ள கிராபிக்ஸ் இல்ல, போட்டில செருகினா திரை கறுப்புத்தான். அதைப் பார்த்திட்டு காட் பழுதெண்டு நானாவோட சண்டைக்குப் போகாதீங்க.